கங்கால் நாய்

துருக்கியின் சிவாஸ் மாகாணத்திலுள்ள கங்கால் வட்டாரத்தைத் தாயகமாகக் கொண்ட மந்தைக் காவல் நாயினம். ஆடுகளை ஓட்டுவது இதன் வேலையன்று. ஓநாய் முதலிய விலங்குகளிடமிருந்து அவற்றைக் காப்பதே வேலை.

உடலமைப்பு: வெளிர்பழுப்பு உடல், கறுத்த முகம், முதுகின்மேல் சுருளும் வால். ஆண் நாய் 72–78 செ.மீ. உயரமும் 48–60 கிலோ எடையும் இருக்கும். ஓநாய் குரல்வளையைக் கவ்வாதிருக்க இரும்பு முட்கள் பதித்த பட்டையைக் கழுத்தில் கட்டுவர்.

வளர்ப்பு: சினைக்காலம் சுமார் 63 நாட்கள். இணைசேர்க்கும்போது தோற்றத்தைவிட, ஆட்டைத் துன்புறுத்தாத குணமும் இடுப்பெலும்பின் உறுதியுமே முதன்மை. பால்குடி மறந்த குட்டியை எட்டு வார அளவில் பட்டியில் விடுவர். அப்பருவத்தில் ஆடுகளுடன் ஏற்படும் பிணைப்பு வாழ்நாள் முழுதும் நிலைக்கும். வீட்டுச் சிறுவர்களோடும் அப்போதே பழக்க வேண்டும். நாய்க்குட்டி ஆட்டுக்குட்டியைத் துரத்தி விளையாடினால் உடனே கண்டித்துத் திருத்துவர். காவல்திறன் முதிர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை தனியே காவலுக்கு விடுவது தவறு.

காவல் முறை: முதலில் குரைத்து எச்சரிக்கும், பிறகு பகைவிலங்குக்கும் மந்தைக்கும் நடுவே நிற்கும், தாக்குதல் கடைசி வழியே.

பிற நாடுகளில்: நமீபியாவில் கால்நடைகளைக் காக்க உழவர்கள் சிவிங்கிப்புலிகளைச் சுட்டுக் கொன்றுவந்தனர். அங்குள்ள சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம், 1994 முதல் அனத்தோலியக் காவல் நாய்களை, பின்னர் கங்கால்களையும், வளர்த்து உழவர்களுக்கு வழங்கிவருகிறது. இதனால் கால்நடை இழப்பு பெரிதும் குறைந்தது. உழவரின் பிழைப்பையும் காட்டுவிலங்கின் உயிரையும் ஒருசேரக் காப்பது இவ்வினத்தின் தனிப்பெருமை.