நிகண்டும் பாலபாடமும்



எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் அப்பப்பா இறந்துபோனார். அப்பா அழுதழுது கதைத்துவிட்டுப் போனை என்னிடம் தந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "அப்பம்மா, அப்பப்பா செத்திட்டாராம்" என்றேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அப்பம்மா, "அப்பிடிச் சொல்லக்கூடாது ராசா" என்றா.

அந்த மாதம்தான் தமிழ் வகுப்பில் 'ஒத்த கருத்துச் சொற்கள்' சோதனை நடந்தது. இறந்தார், மாண்டார், காலமானார், செத்தார் என்று வரிசையாக எழுதி முழுப் புள்ளியும் எடுத்திருந்தேன். நான்கு சொல்லும் எனக்குத் தெரியும். அப்பம்மாவிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியாது.

இது இன்று வந்த பிரச்சினை இல்லை. 'கொடு' என்று கேட்பதற்கே தொல்காப்பியம் மூன்று சொற்களைப் பிரித்துச் சொல்கிறது. தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் 'ஈ' என்று கேட்பார், ஒத்தவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார். பொருள் ஒன்றுதான். யார் யாரிடம் கேட்கிறார் என்பதில்தான் சொல் மாறுகிறது.

எங்கள் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சொற்களை எப்படிப் படித்தார்கள் தெரியுமா? நிகண்டை மனப்பாடம் செய்து படித்தார்கள். நிகண்டு என்பது பாட்டாக எழுதிய சொற்பட்டியல். அதில் பெரும்பாலும் அகரவரிசை கிடையாது. கடவுள், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று வகை வகையாகப் பிரித்திருக்கும். சூடாமணி நிகண்டில் இப்படி 12 தொகுதிகள் உண்டு. ஞாபகம் வைக்க அருமையான முறை. ஆனால் எந்தச் சொல்லை எங்கே சொல்வது என்று ஒரு பட்டியலால் முழுக்கக் காட்ட முடியாது.

இங்கேதான் ஆறுமுக நாவலர் வருகிறார். 1822 இல் நல்லூரில் பிறந்தவர். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். ஒரு வசனத்துக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று தேடுவது அவருக்குத் தினசரி வேலையாக இருந்திருக்கும். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த வருடம் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனபோது, அங்கே சூடாமணி நிகண்டை உரையோடு அச்சிட்டார். ஊர் திரும்பியதும் 1850 இல் முதலாம் பாலபாடம், 1851 இல் இரண்டாம் பாலபாடம். அவை பிள்ளைகள் படிப்படியாக வாசிக்கும் வசன நூல்கள். நான்காம் பாலபாடத்தில் கோபம், பொய், களவு என்று ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சொற்கள் அங்கே வரிசையில் நிற்கவில்லை, வசனத்துக்குள் வேலை செய்கின்றன. நிகண்டை அச்சிட்ட அதே ஆள்தான் அது போதாது என்று வாசிப்பு நூலும் எழுதியிருக்கிறார்.

நாவலரைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் சாதி ஆசாரத்தை ஆதரித்தவர். அவருடைய கற்பித்தல் முறையை எடுத்துக்கொள்வோம், அதை விட்டுவிடுவோம்.

அதே காலத்தில் எங்கள் பேர்லினிலும் இரண்டு பேர் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் நீங்கள் கேட்ட கதைகளின் கிரிம் சகோதரர்கள்தான்! அவர்களுடைய டொச் அகராதியின் முதல் தொகுதி 1854 இல் வந்தது. சொல்லுக்குப் பொருள் எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை. லூதர், கோதே போன்றவர்கள் அந்தச் சொல்லை எந்த வசனத்தில் எழுதினார்கள் என்றும் காட்டினார்கள். அந்த அகராதி முடிய 1961 ஆகிவிட்டது. இருவரின் கல்லறையும் ஷோனெபெர்க்கில் இருக்கிறது. நொய்கெல்னிலிருந்து ஊ7 இல் ஏறி யோர்க்ஸ்ட்ராசவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போய்ப் பார்க்கலாம்.

இப்போது சனிக்கிழமைகளில் நொய்கெல்னில் சில பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பட்டியல் கொடுப்பதில்லை. ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிப்போம். ஒரு சொல்லில் நிறுத்தி, "இதுக்குப் பதிலா வேற சொல் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்பேன். போன கிழமை கதையில் 'கிழவி' என்று வந்தது. "இதை என்ர அம்மம்மாவுக்குச் சொன்னா அடிதான் விழும்" என்றாள் ஒரு பிள்ளை. எல்லாரும் சிரித்தோம். அந்தச் சொல்லை அவள் இனி மறக்கமாட்டாள்.

அப்பம்மா இப்போது இல்லை. அவ மோசம் போன செய்தியை என் தம்பிக்கு நான்தான் சொன்னேன். இந்த முறை சரியான சொல்லைச் சொன்னேன்.