பாட்டும் பிடியும்

சொல்லாய்வறிஞர் தேவநேயப் பாவாணரின் பெயரால் அமைந்த கோட்டம் இராசபாளையத்தை அடுத்த முறம்பில் உள்ளது. இளமையில் அவர் ஆசிரியப் பணியாற்றிய ஊர் அது. வேர்ச்சொற்களைத் தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட அவ்வறிஞர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்றொரு நூலையும் எழுதினார் என்பதை இலக்கிய அன்பர் பலர் மறந்துவிடுகின்றனர். ஆண்பாலார் ஆடுவன, பெண்பாலார் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன எனப் பகுத்து, பகலாட்டு, இரவாட்டு என மேலும் பிரித்து அவர் விளக்கிய ஆட்டங்களுள் சடுகுடுவும் ஒன்று. சிறுவர் ஆட்டத்துக்குச் சொல்லாய்வாளரின் கண் எதற்கு என்று வினவலாம். சடுகுடுவைப் பொறுத்தவரை விடை எளிது. அவ்வாட்டத்தின் வரலாறு பெரும்பகுதியும் இரண்டு வினைச்சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஒன்று பாடுதல், மற்றொன்று பிடித்தல்.

எதிரணியின் களத்துக்குள் தனியாளாய்ப் புகுவதை இன்றைய நாளேடுகள் ‘ரைடு’ என்கின்றன. ஊர்ப்புறத்து ஒலிபெருக்கியில் ஆட்டத்தை வருணிப்பவர் அப்படிச் சொல்வதில்லை. ‘பாடி வருகிறார்’ என்றே சொல்கிறார். மூச்சு விடாமல் ஒரு சொல்லை அடுக்கிக்கொண்டே செல்வதால் அது பாட்டாயிற்று. பாட்டு நின்றால் ஆள் போயிற்று. உலகில் வேறு எந்தக் குழுவிளையாட்டும் தாக்க வருபவனிடம் நாவையும் மூச்சையும் இப்படிப் பணயமாகக் கேட்பதில்லை. பாவலர் கூடும் அவையில் இதனைச் சற்றுப் பெருமையுடன் சொல்லலாம். ‘கைபிடி’ என்பதே ‘கபடி’ எனத் திரிந்தது என்பார் தமிழரிடையே பலர். கேட்க இனிதாக இருப்பினும், ஒலியொப்புமை மட்டுமே சொற்பிறப்புக்குச் சான்றாகிவிடாது. ஆயினும் அக்கருத்து இத்துணை பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. ஆட்டத்தின் பாதி பிடியில் இருக்கிறது என்பதை ஆடுவோர் அறிந்திருந்தனர்.

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் அறுவடை முடிந்த வயலும் நீர் வற்றிய கண்மாயுமே ஆடுகளம். அத்தகைய களத்தில் பாடுவோர், பிடிப்போர் என்று தனித்தனி ஆட்கள் இருந்ததில்லை. இப்போது பாடிவிட்டு வந்தவனே அடுத்த நொடியில் கணுக்காலைப் பிடிக்கக் குனிந்து நிற்பான். சமநிலை என்பது அணித்தலைவன் எண்ணிப் பார்த்துச் செய்யும் கணக்காக அன்று இல்லை. ஒவ்வோர் ஆளின் உடம்பிலும் அது இருந்தது. தொழில்முறை ஆட்டம் வந்த பின்னரே இரண்டும் இரு தொழில்களாகப் பிரிந்தன. பிரிந்ததும் எதற்கு எவ்வளவு இடம் என்னும் வினா எழுந்தது. எதற்கு எவ்வளவு விலை என்பது அடுத்து வந்தது.

விதிகளின் வரலாற்றை நோக்கினும் இவ்விரண்டின் எடையை ஏற்றியிறக்கும் முயற்சியே தொடர்ந்து நடந்திருப்பது புலனாகும். இந்தியாவில் முன்பு மூவகை ஆட்டமுறை வழங்கிற்று. ‘சஞ்சீவனி’ முறையில், எதிரணியாள் ஒருவர் வெளியேறினால் இவ்வணியில் முன்பு வெளியேறிய ஒருவர் உயிர்பெற்று மீள்வார். ‘காமினி’ முறையில் வெளியேறியவர்க்கு மீட்சியில்லை. அணி முழுதும் வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும். ‘அமர்’ முறையில் யாரும் வெளியேறுவதே இல்லை; புள்ளி மட்டும் எண்ணப்படும். காமினியில் பிடிக்கும் கைகள் குறையக் குறையப் பாடி வருபவர்க்கு வழி அகலும். அமரில் எத்தனை முறை தொட்டாலும் எதிரே சுவர் குறையாது. இவ்விரு கோடிகளுக்கும் நடுவே, வீழ்ந்தவர் எழவும் இடம் தருவது சஞ்சீவனியே. இன்றைய ஆட்டம் அதன் வழிவந்தது. அத்தேர்வு தற்செயலானதன்று என்று கருத இடமுண்டு.

மராட்டியப் பகுதியில் 1918-ஐ ஒட்டி விதிகள் வரையறுக்கப்படத் தொடங்கின. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி அனுமான் உடற்பயிற்சி மண்டலத்தார் இவ்வாட்டத்தை ஆடிக்காட்டினர். 1950-இல் அனைத்திந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. சடுகுடு, ஹுதுது என்றெல்லாம் பெயர் கொண்டிருந்த ஆட்டம் இவ்வளர்ச்சியில் கபடி என்னும் ஒரே பெயருக்குள் அடங்கியது.

இத்தகைய எடைபோடல் நம் ஆட்டத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர் ‘கால்பந்து’ என்று அழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், முன்னோக்கி எறிவதும் அதன் இரு வழிகள். தொடக்கத்தில் எறிவதற்கு இசைவே இல்லை. கூட்டமாய் முட்டி மோதி ஓடியதில் இளைஞர் பலர் மாண்டனர். 1905-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரி ஆட்டப் பொறுப்பாளரை அழைத்துப் பேச நேர்ந்தது. மறு ஆண்டில் முன்னெறிதல் விதிமுறைக்குள் வந்தது. எனினும், எறிந்த பந்து பிடிபடாவிட்டால் தண்டனை இருந்தமையால் அணிகள் பழையபடி ஓடவே விரும்பின. 1913-இல் நோட்ர டேம் கல்லூரி அணி எறிதலைக் கொண்டே இராணுவக் கல்லூரி அணியை 35-13 என வென்றபோதுதான் அதன் வலிமை ஊரறிந்ததாயிற்று. 1978-இல் தொழில்முறைக் கழகம் விதிகளை மேலும் தளர்த்தவே, தராசு எறிதல் பக்கம் சாய்ந்தது.

ஓட்டம் அதனால் செத்துவிடவில்லை. ஓடுவான் என்ற அச்சம் காப்போரை முன்னே இழுத்தால்தான் எறிபவனுக்குப் பின்னே வெளி கிடைக்கும். 2015 பிப்ரவரியில் நடந்த இறுதியாட்டத்தில் சியாட்டில் அணிக்கு வெற்றிக்கு ஒரே கெஜம் எஞ்சியிருந்தது. வலிய ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்சும் களத்தில் இருந்தார். எல்லாரும் ஓட்டத்தை எதிர்பார்த்த கணத்தில் அவ்வணி பந்தை எறிந்தது. எதிரணியின் மால்கம் பட்லர் அதைப் பறித்தார். 28-24 என ஆட்டம் நியூ இங்கிலாந்து அணியின் வசமாயிற்று. அந்த ஒரு முடிவைப் பற்றி அந்நாட்டார் பல்லாண்டு வழக்காடினர். ஓடியிருக்க வேண்டும் என்பது பெரும்பான்மையோர் தீர்ப்பு. எதிரி முன்னறிய முடியாதபடி இரண்டையும் கலப்பதே முறை. கலந்ததில் ஒன்று தோற்றமையால் கலப்பே தவறாகிவிடாது என்பது சிலர் வாதம். பின்னதிலேயே பொருள் மிகுதி.

2014-இல் தொழில்முறைக் கபடிக் கழகம் தொடங்கியபோது நம் ஆட்டமும் இதே நெருக்கடிக்குள் புகுந்தது. பாடி வருபவர் ஒரே முயற்சியில் இருவரையோ மூவரையோ தொட்டு மீளலாம். தொட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. எதிரே ஆறு பேரோ அதற்கு மேலோ நிற்கையில் போனஸ் கோட்டைத் தாண்டினால் யாரையும் தொடாமலே ஒரு புள்ளி. பிடிப்பவர்க்கோ எவ்வளவு அரிய பிடியாயினும் ஒன்றே. இந்தச் சாய்வை நேர்செய்ய வந்ததே ‘சூப்பர் டேக்கிள்’: மூவரோ அதினும் குறைந்தவரோ எஞ்சிய நிலையில் பிடித்தால் இரண்டு புள்ளி. முன்னணியில் உள்ள அணி வெறுமனே போய்வந்து காலம் கடத்துவதைத் தடுக்க மற்றொரு விதி உண்டு. அடுத்தடுத்து இருமுறை புள்ளியின்றித் திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் பாடியவர் வெளியேற வேண்டும். அமெரிக்க ஆட்டத்தில் பத்துக் கெஜத்துக்கு நான்கே வாய்ப்பு என்னும் விதியின் நெருக்கடி இதனுடன் ஒப்பிடத்தக்கது. மூச்சின் நீளமே எல்லையாயிருந்த பாட்டுக்கு 30 நொடி என்னும் கடிகார எல்லையும் வந்துவிட்டது. மூச்சு ஆளுக்கு ஆள் வேறுபட்டது. கடிகாரம் எல்லார்க்கும் ஒன்று. இதில் பெற்றது ஒழுங்கு. இழந்ததைப் பாவலர் அறிவர்.

பிடியின் மதிப்பை உலகுக்கு உணர்த்தியவர் ஈரானியர். 1990 முதல் ஆடவர் பிரிவில் தங்கம் வேறெங்கும் போகாதிருந்த இந்திய அணியை, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் அவர்கள் 27-18 என வீழ்த்தினர். புகழ்பெற்ற பாட்டுக்காரர்களைக் கொண்ட அணி ஓர் ஆட்டம் முழுவதும் பதினெட்டுப் புள்ளியே எடுத்தது என்பதில் எல்லாம் அடங்கும்.

அவ்வணிக்குத் தலைமை தாங்கிய அஜய் தாக்கூரே அந்நாளில் தமிழ் தலைவாஸ் அணிக்கும் தலைவர். 2017-இல் கழகத்துக்குள் வந்த தமிழ்நாட்டு அணி, அவ்வாண்டும் மறு ஆண்டும் தன் மண்டலத்தில் கடைசியாயிற்று. 2019-இல் தாக்கூருடன் ராகுல் சவுத்ரியும் சேர்ந்தார். பிடியில் பெயர்பெற்ற மன்ஜீத் சில்லரும் இருந்தார். பெயர்ப்பட்டியலைப் பார்த்தோர் கோப்பை வந்துவிட்டதென்றே எண்ணினர். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடமே கிடைத்தது. அடுத்த பருவத்தில் சுர்ஜீத் சிங்கின் தலைமையில் தராசு மறுபுறம் சாய்ந்தது. பிடி வலுவாயிருந்தது, பாட்டு துணைநிற்கவில்லை. ஆட்டங்கள் பல சமனில் முடிந்தன, இடம் பதினொன்று.

தமிழ் மண்ணில் பிடிக்கு ஆளில்லாமல் இல்லை. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன், நாற்பதைக் கடந்த அகவையில், 2016-இல் பாட்னா அணிக்குத் தலைவராயிருந்து கோப்பையை வென்றவர். அவ்வணியில் பர்தீப் நர்வால் பாடினார், சேரலாதன் பிடித்தார். இருவரில் எவர் பெயர் விளம்பரத்தில் பெரிதாக வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

2022-ஆம் ஆண்டு ஏலத்தில் தமிழ் தலைவாஸ் மீண்டும் பாட்டின் பக்கமே சென்றது. பவன் செராவத்தை இரண்டேகால் கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்து எடுத்தது. அதுவரை எவருக்கும் அத்தொகை தரப்பட்டதில்லை. முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு வீழ்ந்தார். அப்பருவம் முழுதும் மீளவில்லை. குஜராத்துக்கு எதிரான அவ்வாட்டம் 31-31 எனச் சமனாயிற்று. அணியின் கதை அன்றே முடிந்ததென்று பலரும் எழுதினர்.

நிகழ்ந்தது வேறு. அதுவரை கழகத்தில் ஆடியிராத நரேந்தர் பாட்டைத் தம் தோளில் ஏற்று 243 புள்ளி எடுத்தார். அஜிங்கிய பவார் துணைநின்றார். மூலையில் சாகரும் சாகில் குலியாவும், அவர்களுக்குள்ளே தமிழ்நாட்டின் எம். அபிசேக்கும் நின்ற காவலை உடைப்பது எளிதாயில்லை. பயிற்சியாளர் அசன் குமாரின் கீழ், பெரும்பாலும் இளையோரைக் கொண்ட அவ்வணி முதன்முறையாக அரையிறுதி சேர்ந்தது. அங்கே புனே அணியிடம் 37-39 என இரண்டு புள்ளியில் தோற்றது. இரண்டு புள்ளி என்பது ஒரே ஒரு சூப்பர் டேக்கிளின் அளவு. தமிழ்நாட்டு அணியின் வரலாற்றில் மிக நல்ல பருவம், அதன் மிக விலையுயர்ந்த ஆளின்றி ஆடிய பருவமாக அமைந்தது. அவர் இருந்திருந்தால் கோப்பையே வந்திருக்கும் என்று வாதிடுவோரும் உளர். மறுக்க முடியாத வாதமே. ஆனால் எல்லாப் பாட்டும் ஒருவரிடமே போயிருக்கக்கூடும் என்பதையும் மறுக்க முடியாது.

அடுத்த ஏலத்தில் செராவத் இரண்டரைக் கோடிக்கும் மேல் விலைபெற்றுத் தெலுங்கு டைட்டன்ஸ் சென்றார்; அவ்வணி அப்பருவத்தில் கடைசியாக வந்தது. ஈரானியக் காவலர் முகமதுரேசா சாதுலுவை 2.35 கோடிக்கு எடுத்த புனே அணி கோப்பையை வென்றது. ஒருவரின் விலையால் மட்டும் ஒரு கோப்பை வருவதோ போவதோ இல்லை. புனேயில் பாடவும் ஆளிருந்தது. எனினும் 2024 ஏலத்திலும் அதே கோலம் திரும்பிற்று. அவ்வாண்டின் உச்ச விலையான 2.15 கோடியைத் தமிழ் தலைவாஸ் சச்சின் என்னும் பாட்டுக்காரருக்குக் கொடுத்தது. சாதுலு 2.07 கோடிக்கு அரியானா சென்றார். டிசம்பர் இறுதியில் கோப்பை அரியானாவுக்குப் போயிற்று. தமிழ்நாட்டு அணி ஒன்பதாவதாக நின்றது.