உருவாரமும் வெற்றுத் தொட்டிலும்

வேண்டுதலின் பொருட்டுச் செய்து தெய்வத்தின் முன் வைக்கும் உருவத்தைக் கொங்கு நாட்டார் 'உருவாரம்' என்பர். உடுமலைப்பேட்டையை அடுத்த சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில், தைப்பொங்கலை ஒட்டிக் கூடும் கால்நடை வளர்ப்போர், தம் மாடு கன்றுகள் நோயின்றிப் பெருக வேண்டி மண்ணால் செய்த மாட்டுருவங்களை வைத்து வணங்குவது இவ்வழக்கத்தின் இன்றுவரை தொடரும் சான்றாகும். மாட்டுக்கு மாட்டுருவம், கண்ணுக்குக் கண்மலர் எனக் காக்கப்பட வேண்டியது எதுவோ அதன் வடிவத்தையே படைப்பது இதன் பொது நெறி.

பிள்ளைப்பேற்று வேண்டுதலில் இந்நெறி சற்றே திரிகிறது. மண்ணால் பிள்ளையுருவம் செய்து வைக்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டெனினும், எங்கும் பரவி நிற்பது குழந்தையின் உருவம் அன்று, அது கிடக்கவேண்டிய தொட்டிலே. கோயில் வாசற்கடைகளில் விற்கும் சாண் அளவிலான மரத்தொட்டிலையோ, அதற்கும் வழியில்லாதவிடத்து மஞ்சள் துணியையோ சேலைக் கிழிசலையோ தொட்டிலாக முடிந்து, அரசிலோ வேம்பிலோ கட்டித் தொங்கவிடுவர். அரசமரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த பெண்ணைப் பற்றிய பழமொழி, அவசரத்தை நகையாடுவதாயினும், மரத்துக்கும் மகப்பேற்றுக்கும் இடையே மக்கள் கண்ட தொடர்பின் பழமையைக் காட்டும். பிள்ளை பிறந்தபின், கரும்புகளில் சேலையைத் தூளியாகக் கட்டி, அதில் குழந்தையைக் கிடத்திக் கோயிலை வலம்வரும் 'கரும்புத் தொட்டில்' நேர்த்திக்கடனில்தான் வெற்றுத் தொட்டில் நிறைகிறது.

மரத்தில் மனித உருவைச் செதுக்கும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. கயிற்றால் ஆட்டப்படும் 'மரப்பாவை'யைத் திருக்குறள் உவமையாக ஆள்கிறது. அச்சொல்லோடு உறவுடைய 'மரப்பாச்சி' என்னும் பெயர், செம்மரத்தில் ஆணும் பெண்ணுமாகச் செதுக்கப்படும் இணைப் பொம்மைகளைக் குறிக்கும். திருப்பதியில் செதுக்கப்பட்டு, மலைக்குச் சென்று மீள்வோர் கைவழியே தமிழக வீடுகளை அடைந்த இவை, மணமகளுக்குத் தாய்வீட்டுச் சீராகச் செல்வதும், அவளுடைய நவராத்திரிக் கொலுவில் முதலிடம் பெறுவதும், பின்னர் அவள் பெறும் பிள்ளையின் கைப்பொம்மையாவதும் வழக்கம். சேசாசலம் முதலான கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதிக்கே உரிய அம்மரம் வெட்டிக் கடத்தப்பட்டு அருகியதால், 1995-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இன்று வேறு மரங்களிலும் மரப்பாச்சி செய்யப்படுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், குமாசி நகரைச் சூழ வாழும் அசாந்தி மக்களிடையே வேண்டும் பிள்ளையே மர உருவம் பெறுகிறது. புதன்கிழமை பிறந்தமையால் அகுவா எனப் பெயர்பெற்ற பெண்ணொருத்தி, பிள்ளையின்றி வருந்திப் பூசாரியை நாட, அவர் சொற்படி செதுக்குவித்த மரக்குழந்தையை முதுகில் கட்டிச் சுமந்தாள் என்றும், ஊரார் அதனை 'அகுவா பா', அதாவது அகுவாவின் பிள்ளை, என்று எள்ளினர் என்றும், பின்னர் அவள் பெண்மகவு ஈன்றாள் என்றும் அவர்கள் கதை கூறும். வட்டத்தட்டுப் போன்ற தலை, உயர்ந்த நெற்றி, வரிவரியான கழுத்து, இருபுறமும் நீண்ட குறுங்கைகள் ஆகியவை இவ்வுருவின் இலக்கணம். குலம் தாய்வழியே தொடர்வதால், இது பெரும்பாலும் பெண்ணுருவாகவே அமையும். மகப்பேற்றுக்குப்பின் அது கோயிலுக்குத் திரும்பும், அல்லது குழந்தையின் பொம்மையாகும்.

இவ்விரு மரபுகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், அசாந்திப் பெண் பிறவாத பிள்ளையை முன்னரே உருவாக்கிச் சுமக்க, தமிழ்ப் பெண் மரப்பாச்சியில் தம்பதியரையும் தொட்டிலில் இடத்தையும் ஆயத்தம் செய்து, பிள்ளையின் உருவை மட்டும் தெய்வத்தின் பொறுப்பில் விட்டுவைப்பது விளங்கும். எனினும், பிள்ளையில்லாமை கணவன் மனைவி இருவர்க்கும் பொதுவாயினும், அகுவாவைத் தொடர்ந்த எள்ளலும் தமிழில் 'மலடி' என்ற சொல்லும் பெண்ணையே குறிவைத்தன. முதுகில் சுமந்த மரமும் கிளையில் முடிந்த துணியும் அச்சொல்லுக்கு அவர்கள் ஊரறியத் தந்த விடைகளாகவும் இருந்தன.