தோட்டத்து மாணவனும் ஊர்த் திட்டமும்

"நான் எனது ஊரின் தலைவனானால்" என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையாத மாணவர் எமது பாடசாலைகளில் அரியர். தெருவுக்கு விளக்கு, குடிக்க நல்ல நீர், வாசிகசாலை ஒன்று, பந்தாட ஒரு மைதானம், குப்பை அகற்ற ஓர் ஒழுங்கு என்று மாணவன் அடுக்குவான். ஆசிரியரும் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திப் புள்ளியிடுவார். பதுளை நகரத்துப் பிள்ளை இதனை எழுதினால், அத்தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு மாநகர சபையாவது உண்டு. பசறைக்கு அப்பாலோ ஹாலி எலைப் பக்கத்திலோ ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளை அதனை எவரிடங் கொடுப்பது? தோட்டத்துத் துரையிடமா, அரசாங்கத்திடமா, பிரதேச சபையிடமா? இக்கேள்விக்கு விடை தேடப் புகின், ஊவாவின் சரித்திரத்தையே ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டியதாகின்றது.

1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை அடக்கிய ஆட்சியினர் வயல்களையும் வீடுகளையும் அழித்துச் சென்றனர். அழிந்த நாட்டில் முதலில் எழுந்தவை பாதைகளே. பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் பாதை அமைப்பதிற் சமர்த்தர்; யானை சுடுவதில் அதனினுஞ் சமர்த்தர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்தியவர் எனப் பேர்பெற்ற அவர் 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் பதுளை நகரில் இன்றும் நிற்கின்றது.

பாதையைத் தொடர்ந்து கோப்பி வந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை மாய்க்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். றெயில் பாதை 1894இல் பண்டாரவளையை எட்டியது. அங்கிருந்து பதுளைக்கு வரவோ அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. தெமோதரையில் தன்னைத் தானே வளைந்து தாண்டிச் செல்லும் அப்பாதையின் விந்தையை வியவாதார் இலர். ஆயினும், பதுளைக்குப் புகைவண்டி 1924இல் வந்ததன் பயன், மலைச்சரிவில் வாழ்ந்தவருக்கு வாய்த்ததிலும் பன்மடங்காகத் தேயிலைப் பெட்டிகளுக்கே வாய்த்தது என்பது எமது எண்ணம்.

அச்சரிவில் வாழ்ந்தவர் யாவர்? தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டவரும், அவர்தம் வழித்தோன்றல்களுமே. விட்டுவந்த கிராமத்தில் கோயில், குளம், மந்தை, ஆலமரத்தடி என்பன இருந்தன. வந்த இடத்திலோ ஒரு கூரையின்கீழ் வரிசையாக அடைந்த காம்பராக்கள் இருந்தன. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதாயின் கடன் விபரம் எழுதிய 'துண்டு' வேண்டும். அவ்வழக்கம் 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. கடிதம் வந்தால் தோட்ட அலுவலகத்துக்கு வரும். வீட்டுக்கு எண் இல்லை, வீதிக்குப் பெயர் இல்லை. விளக்கமாகச் சொன்னால், தோட்டம் என்பது ஒரு தனியார் நிலம்; அதனுள் வாழ்ந்தோர் அந்நிலத்தின் வேலையாட்கள். ஊரார் என்னும் பெயர் அவர்களுக்குச் சட்டத்தில் இருக்கவில்லை.

1927 நவம்பரிலே மகாத்மா காந்தி இலங்கை வந்தபோது பதுளைக்கும் வருகை தந்தார். அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அங்குள்ள மாணவர் காங்கிரசார் ஆவர். 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் தொடக்கிய அக்காங்கிரஸ், சாதிப் பாகுபாட்டை எதிர்த்தும், சமபந்தி போசனம் நடத்தியும், தாய்மொழியைப் போற்றியும் பணியாற்றியது. மாணவரின் யோசனை ஊரை அசைக்கும் என்பதற்கு அதனினுஞ் சிறந்த சான்று எமது நாட்டில் இல்லை. ஆனால் அந்த மாணவருக்கு அசைப்பதற்கு ஓர் ஊர் இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அவர்தம் தந்தையர் காணியுடையோர். கிராமச் சங்கத்தில் வாக்குடையோர். ஊவாத் தோட்டத்து இளைஞனுக்கு இவ்விரண்டும் இல்லை. 1937, 1938ஆம் ஆண்டுகளிலே கிராமச் சங்கங்களின் வாக்குரிமையை விரிக்கும் சட்டம் விவாதிக்கப்பட்ட வேளையிலும், தோட்டத்து லயங்களில் வசிக்கும் தொழிலாளர் அவ்வுரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். வேலியின் இப்புறம் கிராமத்துக் கிணற்றுக்குச் சங்கம் உண்டு. அப்புறம் தோட்டத்துப் பீலிக்கு எவரும் இல்லை.

பின்னர் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952இல் ஒருவரும் செல்லவில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல் சரிபாதியாகத் தீர்க்கப்பட்டது. தலைமன்னாருக்குச் சென்ற வண்டியை மலைநாட்டார் 'அழுகைக் கோச்சி' என்றனர். அண்ணன் போகிறான், தம்பி நிற்கிறான் என்ற நிலையில் வாசிகசாலைக்கு அத்திவாரம் இட எவருக்கு மனம் வரும்? நாடற்றோர் என எஞ்சியிருந்தோரின் வழக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே முடிவுக்கு வந்தது.

இவ்வளவையுங் கேட்ட ஒருவர், தோட்டத்து மக்களுக்குப் பொதுக்காரியம் நடத்தத் தெரியாது என்று கருதிவிடக் கூடும். அது பெருந் தவறு. மாரியம்மன் திருவிழாவை நோக்குக. பெயர்வழிக்குச் சம்பளத்தில் இவ்வளவு என்று கோயிற் பணம் பிடிக்கப்படும். அப்பணத்துக்குக் கணக்கு உண்டு. கணக்குக் கேட்கும் கூட்டமும் உண்டு. தேர் எந்த லயத்து வாசலில் நிற்பது, மேளகாரரை எவ்விடத்திலிருந்து அழைப்பது, அன்னதானத்துக்கு அரிசி எவ்வளவு என்பன யாவும் பேசித் தீர்க்கப்படும். சண்டை வருவதும் உண்டு. அதனைத் தீர்க்கும் பெரியவர்களும் உண்டு. மாசி மாதத்துக் காமன் கூத்து எத்தனையோ இரவுகள் தொடர்வது. வேடங் கட்டுவோர், பாடுவோர், தப்படிப்போர், காவலிருப்போர் அனைவரையும் ஒழுங்குபடுத்துவது இலேசான காரியமா? இவற்றுக்கும் மேலாக மரண உதவிச் சங்கம் உண்டு. ஒரு காம்பராவில் சாவு விழுந்தால், பெட்டிக்கும் கருமாதிக்கும் அச்சங்கத்துப் பணம் வந்து சேரும். சந்தா, பதிவு, தலைவர், தனாதிகாரி என ஒரு கிராமச் சங்கத்துக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் அதில் அமைந்துள்ளன. சட்டம் ஊர் என்று ஏற்காத இடத்திலே மக்கள் ஊராட்சி நடத்தியே வந்தனர். பதுளை மாணவன் தன் திட்டத்தை எழுதுமுன் தகப்பனாரின் மரண உதவிச் சங்கக் கணக்குப் புத்தகத்தை ஒருதரம் விரித்துப் பார்ப்பது நன்று.

கல்வியின் கதை வேறு. 1945இல் நாடெங்கும் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளின் வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்புடன் முடிவு என்பதே வழக்கமாயிற்று. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த எளிய பாடசாலைகளிலும் ஆசிரியராயிருந்து ஊருக்கு உழைத்தோர் உளர். ஊவாவிற் பிறந்து தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்த ஜோசப் அவர்கள், தோட்டப் பெயரையே தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டார். 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவலாலும் சிறுகதைகளாலும் புகழ்பெற்று 2022இல் மறைந்தார். சபைகளின் பதிவேட்டில் ஊராக நில்லாத ஒரு தோட்டம் இலக்கியத்தில் ஊராகிவிட்டது.

நகரத்தின் வாட்டத்தையும் இங்கே சொல்லாது விடலாகாது. 1983 ஜூலையிலே பதுளையில் தமிழரின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. தோட்டத்துப் பிள்ளைக்கு நகரத்தில் ஆதரவாயிருந்த வர்த்தகர் பலர் அதன்பின் திரும்பவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் கிராமத்துக்கு ஒரு புது வாசலைத் திறந்தது. அப்போது தோட்டத்தார் வாக்காளராய் இருந்தனர், உறுப்பினராயுஞ் சென்றனர். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்குச் செலவிடத் தடையாய் நின்றது. வாக்குக் கேட்க வந்த உறுப்பினர் வென்றபின், "பாதை தோட்டத்துக்குரியது, யாம் தொட இயலாது" என்று கூறக்கூடியதாயிருந்தது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் சென்றபின், குடியிருப்புக்குப் பொறுப்பாளி எவர் என்ற கேள்வி மேலும் மங்கியது.

அம்மங்கலின் விலை என்னவென்று 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே தெரிந்தது. மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் வாழத் தகாதது என்று 2005இலும் 2011இலும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுதப்பட்டது, அதனை நிறைவேற்றி மக்களை வேறிடங் கொண்டுசெல்லும் கடமை தோட்டத்துக்கும் சபைக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலே விழுந்து கிடந்தது. இரண்டாண்டு சென்று, 2016இல் பூணாகலைப் பகுதியில் 75 வீடுகள் எஞ்சியோர்க்குக் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களிற் சரிந்தன. உயிர்கள் பல மாண்டன.

33ஆம் பிரிவு 2018இலே திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளில் பாதை போடவும் நீர் வழங்கவும் பிரதேச சபைக்கு வழி திறந்தது. அதே ஆண்டில் மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபைச் சட்டமும் நிறைவேறியது. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் சிலருக்குக் கிட்டின. பெரும்பாலோருக்கு இன்னும் லயமே. எனவே, தன் ஊர்த் திட்டத்தை எழுதும் தோட்டத்து மாணவனுக்கு நாம் சொல்லக்கூடியது இது: கட்டுரையை இரண்டு பிரதிகள் எடுத்துக்கொள்க. ஒன்றைப் பிரதேச சபைச் செயலாளருக்கு, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் குறிப்பிட்டு அனுப்புக. மற்றதைத் தோட்ட முகாமையாளருக்கு அனுப்புக. இரண்டிலும் சரிவுக்கு அடியில் எத்தனை காம்பராக்கள் உள்ளன என்பதை எண்ணி எழுதுக.