சீருடைக்குள் சிறைப்பட்ட அன்பு

1931ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், பெர்லின் நகரில் 'மேட்ஷென் இன் ஊனிஃபோர்ம்' என்னும் ஜெர்மானியப் பேசும்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 'சீருடையில் பெண்கள்' என அப்பெயரைத் தமிழில் கூறலாம். ஓர் ஆசிரியையையும் அவரிடம் பயிலும் மாணவியரையும் பற்றிய கதை அது. படத்தில் நடித்தோர் அனைவரும் பெண்களே.

கதைக்கு வித்திட்டவர் கிறிஸ்டா வின்ஸ்லோ. சிற்பியாகவும் விளங்கிய அவர், இளமையில் போட்ஸ்டாம் நகரத்து உறைவிடப் பள்ளியொன்றில் பயின்றவர். பிரஷ்யப் படை அதிகாரிகளின் புதல்வியரைக் கட்டுப்பாட்டுடன் வளர்த்த பள்ளி அது. அந்நாளின் காயம் ஆறாதிருந்தமையால் அதனை நாடகமாக்கினார். நாடகம் 1930இல் லைப்சிக் நகரில் அரங்கேறியது. மறு ஆண்டு 'நேற்றும் இன்றும்' என்னும் பெயருடன், லியோன்டின் சாகான் என்னும் பெண்மணியின் நெறியாள்கையில் பெர்லின் மேடைக்கு வந்தது. திரைப்படத்தையும் அவரே இயக்கினார்.

பெரும் படநிறுவனங்களின் நிழலில் இப்படம் உருவாகவில்லை. நடிகையரும் கலைஞர்களும் முழு ஊதியம் பெறாமல் வருவாயில் பங்கு பெறும் கூட்டுறவு முறையில் இது எடுக்கப்பட்டது. கலை மேற்பார்வையை ஏற்றவர் அனுபவம் மிக்க கார்ல் ஃபுரோலிச். மக்களை ஈர்க்கும் நோக்குடன் நாடகத்தின் பெயரை மாற்றியவரும் அவரே.

தாயை இழந்த மானுவேலா என்னும் சிறுமி பள்ளியில் சேர்க்கப்படுகிறாள். பசியும் ஒழுங்கும் நாட்டை உயர்த்தும் என்று நம்புகிறார் தலைமையாசிரியை. பெர்ன்பர்க் என்னும் ஆசிரியை மட்டும் அச்சத்தால் அன்றி அன்பால் மாணவியரை ஆள விழைகிறார். கிழிந்த உள்ளாடையுடன் வந்த மானுவேலாவுக்குத் தம் ஆடையொன்றையே அளிக்கிறார். சிறுமியின் ஏக்கம் ஆசிரியையின்மேல் பெருங்காதலாக முற்றுகிறது. பள்ளியில் ஷில்லரின் 'டான் கார்லோஸ்' நாடகம் நடந்த இரவில், மதுக்கலப்புற்ற பானத்தின் மயக்கத்தில் அதனை அனைவர் முன்னும் அறிவித்துவிடுகிறாள். அவளைத் தனிமைப்படுத்துமாறு ஆணை பிறக்கிறது. ஆசிரியையிடமிருந்தும் அவள் பிரிக்கப்படுகிறாள்.

மேடை நாடகத்தில் மானுவேலா உயரத்திலிருந்து வீழ்ந்து மாய்கிறாள். திரைப்படத்திலோ, தோழியர் அவள் பெயரைக் கூவியவாறு மாடிப்படிகளில் ஓடிச்சென்று அவளைக் காப்பாற்றுகின்றனர். தலைமையாசிரியை ஒரு சொல்லும் பேசாது, தளர்ந்த நடையில் அவர்களைக் கடந்து செல்கிறார். அவ்வேளையில் வெளியிலிருந்து படைமுகாமின் ஊதுகொம்பொலி கேட்கிறது. சிறுமி பிழைத்தாள், அவளை வருத்திய உலகமோ வெளியே அப்படியே இருந்தது.

அவ்வுலகம் விரைவிலேயே ஆட்சியைக் கைப்பற்றியது. 1933க்குப் பின் யூதக் குடும்பத்தவரான சாகானுக்கு ஜெர்மனியில் இடமில்லை. இங்கிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் நாடகப் பணியைத் தொடர்ந்த அவர் 1974இல் பிரிட்டோரியாவில் மறைந்தார். மானுவேலாவாக நடித்த ஹெர்த்தா தீலே 1937இல் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். ஃபுரோலிச்சோ 1933இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்து, 1939இல் அரசின் திரைப்படக் கழகத்துக்குத் தலைவரானார். ஒரே கூட்டுறவில் உழைத்தவர்கள் இவ்வாறு எதிரெதிர்த் திசைகளில் பிரிந்தனர்.

வின்ஸ்லோ, படத்தின் முடிவோடு நிறைவடைந்தாரல்லர். 1933இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த தம் நாவலில் மானுவேலாவை மீண்டும் இறக்கவே விட்டார். தாம் கண்ட கொடுமைக்கு இனிய முடிவு பொருந்தாது என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். அவர் வாழ்வும் அவ்வாறே முடிந்தது. 1944 ஜூன் 10ஆம் நாள், பிரான்சில் குளூனி நகரை அடுத்த காட்டில், அவரும் அவர் தோழியும் ஒற்றர்கள் என்னும் பொய்ப்பழியின்பேரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்றோர் 1948இல் விடுதலை பெற்றனர்.

எனினும் படம் பிழைத்தது. 1970களில் பெண்கள் நடத்திய திரைப்பட விழாக்கள் அதனை மீண்டும் ஒளிக்குக் கொணர்ந்தன. படைப்பாளி கண்ட உண்மை நாடகத்தின் முடிவில் உள்ளது. மாந்தர் செய்திருக்க வேண்டியது படத்தின் முடிவில் உள்ளது. ஒருத்தியின் பெயரை உரிய வேளையில் உரக்க அழைத்தால் அவள் உயிர் நிலைக்கும் என்பதே மாடிப்படிக் காட்சி சொல்லும் செய்தி. குளூனிக் காட்டில் வின்ஸ்லோவின் பெயரை அழைக்க எவருமில்லை.