புரூக்ஸ் விதி

ஏற்கெனவே காலம் தப்பிய மென்பொருள் பணியில் மேலும் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பதே புரூக்ஸ் விதி. அமெரிக்கக் கணினி அறிஞர் ஃபிரெடரிக் புரூக்ஸ் (1931–2022) 1975-இல் வெளியிட்ட ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ நூலில் இதை முன்வைத்தார். 1999-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

விதி பிறந்த களம் ஐபிஎம் நிறுவனம். 1964 ஏப்ரலில் அது அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் சிறிய கணினியும் பெரிய கணினியும் ஒரே நிரல்களை ஏற்கும் என்பது வாக்குறுதி. துணிச்சலான வாக்குறுதிதான், ஆனால் அதன் பாரம் முழுவதும் ஓஎஸ்/360 இயங்குதளத்தின் மேல் விழுந்தது. புரூக்ஸ் பொறுப்பில் நடந்த அந்தப் பணியில், உச்சகட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் ஈடுபட்டும் குறித்த நாளில் முடிக்க முடியவில்லை.

காரணம் வேலையின் தன்மையில் இருக்கிறது. நெல் அறுப்பில் இரு மடங்கு ஆள் இறங்கினால் பாதி நேரம் போதும். மென்பொருளிலோ ஒருவர் செய்யும் மாற்றம் வேறு பலர் எழுதியதைப் பாதிக்கும். எல்லோரும் எல்லோரிடமும் கலந்து பேச வேண்டியிருக்கும். 5 பேருக்கு இடையே 10 தொடர்புகள். 10 பேருக்கு 45. 50 பேருக்கு 1,225. புதிதாக வருபவருக்குக் கற்றுத்தர வேண்டியவர்களும், வேலை தெரிந்த பழைய ஆட்களே. இதனாலும் நேரம் இழப்பாகிறது. வேலைத் திட்டம் போடுவோர் இதைக் கணக்கில் எடுப்பது அரிது.

1986-இல் எழுதிய கட்டுரையில் புரூக்ஸ், பொருளோடு பிறந்த சிக்கலையும் கருவிகளால் வந்துசேரும் சிக்கலையும் பிரித்துக் காட்டினார். பின்னதைக் குறைக்கலாம், முன்னதைக் குறைக்கப் பொருளையே எளிதாக்க வேண்டும். அப்படி எளிதாக வைத்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2014-இல் ஃபேஸ்புக் வாங்கியபோது சுமார் 45 கோடிப் பயனர்களைக் கொண்டிருந்த வாட்ஸ்அப்பில் வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ 55 பேர். விளம்பரம் முதலானவற்றை விலக்கி, செய்திப் பரிமாற்றத்தோடு நின்றது அதற்குப் பெரிதும் உதவியது.

தம் விதி மிகைப்படச் சுருக்கிய கூற்று என்பதைப் புரூக்ஸே ஒப்புக்கொண்டார். தொடக்கத்திலேயே ஆள் சேர்ப்பதும், தெளிவாகப் பிரிந்த பகுதிகளில் சேர்ப்பதும் வேறு கதை. ஒவ்வொரு பகுதியின் உள்விவரமும் பிறருக்குத் தெரியாதபடி மென்பொருளைப் பிரிக்க வேண்டும் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-இல் வாதிட்டார். எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்று முதலில் கருதிய புரூக்ஸ், தம் நூலின் 1995 பதிப்பில் பார்னஸ் சொன்னதே சரி என்று எழுதினார்.