தம்பதியர் இருவருக்கும் ஒரே சிகிச்சை

சந்தாபுராவிலிருந்து ஓசூர் சாலையில் பெங்களூருக்குள் நுழைகிறவர் சென்றடையும் பழைய கண்டோன்மெண்ட், 1809-ஆம் வருஷத்தில் கும்பினிப் படைக்காக ஸ்தாபிக்கப்பட்டது. அப்படையைப் பின்தொடர்ந்து தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கே குடியேறின. வெள்ளைச் சிப்பாய்களிடையே மேகநோய் பரவிப் படைபலம் குன்றுவதைக் கண்ட சர்க்கார், 1864-இன் கண்டோன்மெண்ட் சட்டத்தாலும் 1868-இன் தொற்றுநோய்ச் சட்டத்தாலும், தாசித் தொழில் செய்த ஸ்திரீகளின் பெயரைப் பதிந்து, கையில் சீட்டுக் கொடுத்து, குறித்த நாளில் பரிசோதனைக்கு வரச் செய்து, நோய் கண்டால் லாக் ஆஸ்பத்திரி எனும் மேகநோய் ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்தது. சட்டத்தின் கட்டாயம் ஸ்திரீக்கு மட்டுமே, சிப்பாய்க்கு இல்லை. இது அநியாயம் என்பது ஒருபுறமிருக்க, வைத்திய சாஸ்திரப்படியும் வீண் பிரயாசையே. ஏனெனில் குணமடைந்து வெளிவந்தவளுக்கு, சிகிச்சை பெறாத ஆண் மீண்டும் அதே நோயைத் தந்துவிடுவான். இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் அம்மையார் நடத்திய கிளர்ச்சியின் பலனாக, இந்தியாவில் 1868-இன் சட்டம் 1888-இல் ரத்தாயிற்று.

1910-இல் சால்வர்சான் மருந்தும் 1943-இல் பெனிசிலின் சிகிச்சையும் வந்து, கிரந்திப்புண் எனும் சிபிலிஸ் குணமாகும் வியாதியாயிற்று. ஆயினும் வீட்டிலிருக்கும் மனைவிக்குப் பால்வினை நோய் தொற்றும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் சென்னையில் எச்.ஐ.வி. கிருமியை இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறிந்தது பாலியல் தொழிலில் இருந்த ஆறு பெண்களின் இரத்தத்தில். பின்னாளில் சுனிதியிடம் வந்த பெண்களிலோ கணவனையன்றி வேறெவரையும் அறியாத இல்லத்தரசிகள் அநேகர்.

இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்களுக்காக இயங்கும் சுரக்‌ஷா கிளினிக்கில் தரும் சாம்பல் நிறப் பொட்டலத்தில், அசித்ரோமைசின் ஒரு கிராமும் செஃபிக்சிம் 400 மில்லிகிராமும் இருக்கின்றன. வெட்டைநோய்க்கு ஒரே வேளையில் விழுங்க வேண்டிய மருந்து. நோய் கண்டவர் ஒருவரேயாயினும், அதே பொட்டலத்தைத் துணைவருக்கும் கொடுக்க வேண்டும் என்பதே அங்குள்ள விதி. லாக் ஆஸ்பத்திரி மறந்த பாதியை இந்த விதிதான் நிறைவு செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பொம்மசந்திராத் தொழிற்சாலைகளை நம்பிச் சந்தாபுராவில் வாடகை வீடு பிடிக்கும் இளந்தம்பதியரிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: சிறுநீர் எரிச்சலோ, புண்ணோ, வெள்ளைப்பாடோ கண்டால் ஒருவரையொருவர் சந்தேகித்துக் காலம் கடத்தாமல், இருவருமாகவே டாக்டரிடம் செல்லுங்கள், மருந்துண்டபின் ஏழு நாட்கள் சேர்க்கையைத் தவிருங்கள், கர்ப்பம் தரித்தவுடன் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.